பனி குறைந்த மலையும் நீர் குறைந்த ஆறும்

மார்கழி மாதத்து அதிகாலையில் புத்தூர்ப் பக்கம் வீட்டை விட்டு வெளியே வருபவர், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "இன்று பனி அதிகம்" என்பார். புல்நுனியில் நிற்கும் துளியையும், நகரி மலையைச் சிறிது நேரம் கண்ணுக்கு மறைத்துவிடும் மூட்டத்தையுமே அவர் அவ்வாறு குறிக்கிறார். அதே ஊரின் பள்ளியில், "இமயமலையில் பனி உருகுவதால் கங்கையில் கோடையிலும் நீர் ஓடுகிறது" என்று பூகோள ஆசிரியர் பாடம் சொல்லும்போது, மாணவன் மனத்தில் எழுவதும் இந்த மார்கழிப் பனிதான். வெயில் ஏறியதும் காய்ந்து போகும் ஈரத்திலிருந்து ஒரு பேராறு எவ்வாறு ஓட முடியும் என்று அவன் ஐயுற்றால், அது நியாயமான ஐயமே. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்கும் இத்தொல்லை தீர்வதில்லை. 'மஞ்சு' என்ற அவன் சொல்லும் காலை மூட்டத்தையும் இமயத்து வெண்பனியையும் ஒருங்கே குறிக்கிறது.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போருக்கு இந்தச் சொல் நெடுநாளைய சங்கடம். வானிலிருந்து பஞ்சுபோல் விழுவது, விழுந்து மலைமேல் அடுக்கடுக்காகக் கிடப்பது, பல நூற்றாண்டுகளாக இறுகிக் கட்டியாகி மெல்ல நகர்வது, புல்லில் துளிர்ப்பது ஆகிய யாவும் நமக்குப் 'பனி' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இக்கட்டுரையில், குளிர்காலத்தில் விழுந்து மலைச்சரிவில் தங்கி, கோடையில் உருகிப்போவதைப் 'பனிப்படிவு' என்றும், ஆண்டாண்டாக உருகாது எஞ்சி நகரும் பெருங்கட்டியைப் 'பனியாறு' என்றும் குறிப்போம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் விளையும் குழப்பம் பாடநூல்களிலும் உண்டு. ஆறு வற்றுவதைப் பற்றிப் பேசும்போது முதலில் நோக்க வேண்டியது பனிப்படிவையே ஆகும்.

மலைமேல் ஓர் ஏரி

பனிப்படிவை ஓர் ஏரியாகக் கொள்வதே அதை விளங்கிக்கொள்ள எளிய வழி. அந்த ஏரிக்குக் கரை இல்லை, மதகு இல்லை, கலிங்கலும் இல்லை. ஆயினும் நிறைவதும் வடிவதும் உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் புயற்சின்னங்கள் மேற்கு இமயமலையில் மோதிப் பனியைப் பொழிகின்றன. வானிலையாளர்கள் இவற்றை மேற்கத்திய இடையூறுகள் என்பர். இவ்வாறு விழும் பனி அப்போதே ஆற்றுக்கு வருவதில்லை. மார்ச்சு முதல் ஜூன் வரை, அதாவது சமவெளியில் மழை இல்லாத, பயிர் வாடுகின்ற மாதங்களில், அது சிறுகச் சிறுக உருகி இறங்குகிறது. தேவை இல்லாத காலத்து நீரைத் தேவையுள்ள காலத்துக்குக் கொண்டுசேர்ப்பதுதான் எந்த ஏரிக்கும் உரிய வேலை. பனிப்படிவு அதனையே செய்கிறது.

இதன் கொள்ளளவு வியப்புக்குரியது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. 10 சென்டிமீட்டர் உயரப் பனியை உருக்கினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயர நீரே கிடைக்கும். நாள் செல்லச் செல்ல அது தன் பாரத்தாலேயே இறுகுகிறது. குளிர்கால இறுதியில் 1 மீட்டர் உயரமுள்ள படிவில் 30 முதல் 40 சென்டிமீட்டர் நீர் அடங்கியிருக்கும். இடைப்பட்ட அளவான 35 சென்டிமீட்டரைக் கொண்டால், ஒரு ஹெக்டேர் சரிவில் 35 லட்சம் லிட்டர் நீர் நிற்கிறது எனலாம்.

அது ஏன் ஒரே நாளில் உருகிப் பாய்ந்துவிடுவதில்லை? ஒரு கிராம் பனியை, அதன் உஷ்ணநிலை சிறிதும் ஏறாமல், நீராக்குவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் செலவாகிறது. பூஜ்ய டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீரை 80 டிகிரி வரை சுடவைக்கப் போதுமான வெப்பம் இது. மேலும், புதிய வெண்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேலாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வெப்பத்தை ஏற்காத நிறமும், ஏற்ற வெப்பத்தையும் விழுங்கிவிடும் இயல்பும் சேர்ந்தே இக்கண்ணுக்குத் தெரியாத மதகை அமைக்கின்றன.

இதனை வகுப்பில் காட்ட விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. அடியில் ஆணியால் ஒரே அளவுத் துளையிட்ட மூன்று தகரக் குவளைகள் போதும். ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுக. மற்ற இரண்டிலும் ஒவ்வொரு கிலோ ஐஸ்கட்டி இடுக. ஒன்றின்மேல் மட்டும் கரித்தூள் தூவி, இரண்டையும் வெயிலில் வைக்க. தண்ணீர்க் குவளை முதல் பாடவேளையிலேயே காலியாகிவிடும். ஐஸ் குவளைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். அவற்றுள்ளும் கரி தூவியது முந்திக்கொள்ளும். சொட்டும் நீரை அளவுக் குவளையில் ஏந்திக் கால் மணிக்கு ஒருமுறை குறித்துவந்தால், மழையால் மட்டும் ஓடும் ஆறு, பனியால் ஓடும் ஆறு, தூசும் புகைக்கரியும் படிந்த பனியால் ஓடும் ஆறு ஆகிய மூன்றின் வரைபடங்களும் அன்று மாலைக்குள் கரும்பலகையில் ஏறிவிடும்.

லத்தீன் ஆசிரியரின் குழாய்

பனிப்படிவை அளக்கும் முறையை உலகுக்குத் தந்தவர் ஒரு பொறியியலாளர் அல்லர். பள்ளி ஆசிரியர்களுக்கு இது மகிழ்ச்சியளிக்கும் செய்தியாக இருக்கலாம். அமெரிக்காவில் ரீனோ நகரத்து நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் மொழி கற்பித்துவந்த ஜேம்ஸ் சர்ச் என்பவரே அவர். மலையேறுவதில் ஆசை கொண்ட இவர் குளிர்காலத்தில் ரோஸ் மலையின் உச்சிக்கு ஏறிவந்தார். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அங்கு ஒரு வானிலை நோக்ககத்தையும் அமைத்தார். அருகிலுள்ள டாஹோ ஏரியின் நீர்மட்டத்தைக் குறித்து அப்போது பெருவழக்கு நடந்துவந்தது. நீரைத் தேக்கிவைத்தால் கரையில் குடியிருப்போரின் நிலம் மூழ்குகிறது. முன்னதாகத் திறந்துவிட்டால் கோடையில் கீழ்ப்பாசனத்துக்கு நீர் இல்லை. வரப்போகும் நீர் எவ்வளவு என்பது தெரியாமையே சச்சரவின் வேர் என்பதைச் சர்ச் கண்டார்.

அவர் செய்த கருவி ஓர் உள்ளீடற்ற உலோகக் குழாய், அவ்வளவே. அதன் முனை பற்களோடு கூடியது. பனியைத் துளைத்துத் தரை தட்டும்வரை அதனை இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு வெளியே எடுத்துத் தராசில் நிறுக்க வேண்டும். பனியின் உயரம் ஏமாற்றக்கூடும், எடை ஏமாற்றாது. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் ஒரே நாளில் இவ்வாறு நிறுத்து, அந்தந்த ஆண்டு ஏரி உயர்ந்த அளவோடு ஒப்பிட்டுவந்ததில், குளிர்கால இறுதியில் எடுத்த அளவைக் கொண்டு கோடையில் வரும் நீரை முன்கூட்டியே சொல்லிவிட முடியும் என்பது தெளிவாயிற்று. மேற்கு அமெரிக்காவில் ஏப்ரல் 1ஆம் நாள் எடுக்கும் அளவு இன்றும் அவ்வாண்டின் நீர்க்கணக்குக்கு அடிப்படையாக விளங்குகிறது. முதுமையில் சர்ச் இமயமலைப் பனி அளவீட்டுப் பணிக்காக இந்தியாவுக்கும் வந்தார் என்பது நாம் நினைவுகூரத் தக்கது.

அந்த ஏப்ரல் 1ஆம் நாள் கணக்கு எத்துணைக் கடுமையாக இருக்கக்கூடும் என்பதைக் கலிபோர்னியா 2015இல் கண்டது. சியரா நெவாடா மலையில் ஆள் உயரம் பனி கிடக்கும் வழக்கமான அளவிடத்தில் அன்று காய்ந்த புல்லே இருந்தது. அம்மாநிலத்தின் பனிப்படிவு இயல்பில் 5 சதவீதமே என்று கணக்காயிற்று. ஆளுநர் அந்தப் புல்தரையில் நின்றுகொண்டே நகரங்களின் நீர்ச்செலவை 25 சதவீதம் குறைக்குமாறு ஆணையிட்டார். ஆறுகள் வற்றுமுன்பே, வற்றப்போவதை அறிந்து பிறப்பித்த ஆணை அது. பனியால் வளரும் ஆற்றுக்கு உள்ள ஒரு நன்மை இது. அதன் வறட்சி சில மாதங்களுக்கு முன்னரே எச்சரிக்கை தந்துவிட்டு வருகிறது.

ஆனால் பனி குறைந்த விகிதத்திலேயே நீரும் குறையும் என்று கருதுவது தவறு. 2021இல் கொலராடோ ஆற்றின் மேற்பகுதியில் பனி இயல்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருந்தது. எனினும் அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை பவல் நீர்த்தேக்கத்துக்கு வந்துசேர்ந்த நீர் இயல்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. முந்திய ஆண்டு வறட்சியில் காய்ந்து கிடந்த மண் முதற்பங்கைக் குடித்துவிட்டது. வெப்பக் காற்று மறுபங்கைக் கொண்டுபோயிற்று. பல ஆண்டு வறண்ட ஏரிக்குள் முதல் வெள்ளம் பாய்ந்தபோது, நீர் மதகை எட்டுமுன்னே தரை உறிஞ்சிவிடுவதை நம் களப்பணியாளர் பலரும் கண்டிருப்பர். இயல் ஒன்றே.

வடக்கே நேர்ந்தவை

நம் நாட்டு ஆறுகளில் பனியின் பங்கு எல்லாவற்றுக்கும் ஒன்றாக இல்லை. பக்ரா அணைக்கு வந்துசேரும் சட்லெஜ் நீரில் ஏறத்தாழ 60 சதவீதமும், அக்னூரில் செனாப் நீரில் ஏறத்தாழ பாதியும், தேவப்பிரயாகையில் கங்கை நீரில் ஏறத்தாழ 30 சதவீதமும் பனிப்படிவும் பனியாறும் உருகுவதால் வருபவை என்று நீரியல் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். கங்கை சமவெளியில் இறங்கி வரவர மழையின் பங்கு பெருகுகிறது; பனியின் பங்கு தேய்கிறது. ஆகவே பாடநூல் வாக்கியம் கங்கையைக் காட்டிலும் சிந்துவுக்கும் அதன் கிளைகளுக்குமே முழுமையாகப் பொருந்தும். பக்ராவின் நீர்த்தேக்கம் நிறையும் பருவம் மே மாத இறுதியிலேயே தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழை அங்கு எட்டுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கையில் அதனை நிரப்பத் தொடங்குவது உருகிய பனியே.

அண்மை ஆண்டுகளில் இந்தச் சேமிப்பு குன்றிவருகிறது. காட்மண்டுவிலுள்ள பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையம், நவம்பர் முதல் மார்ச் வரை நிலத்தில் பனி எத்தனை நாள் தங்குகிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களால் அளந்துவருகிறது. 2025இல் அது வெளியிட்ட கணக்கின்படி, இந்துகுஷ் இமயமலைப் பகுதி முழுவதிலும் அவ்வளவு இயல்பைவிட 23.6 சதவீதம் குறைந்திருந்தது. 23 ஆண்டுப் பதிவுகளில் இதுவே மிகக் குறைவு. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக இயல்புக்குக் கீழே இருந்ததும்கூட. கங்கை வடிநிலத்தில் குறைவு 24.1 சதவீதம்.

சதவீதங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊற்று வறண்டால் தெரிகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தன. அடுத்த குளிர்காலமும் பொய்த்தது. காஷ்மீரத்தின் அனந்தநாக் மாவட்டத்தில், முகலாயர் காலத்துத் தோட்டத்தின் நடுவே பொங்கியெழும் அச்சபல் நீரூற்று 2025 பிப்ரவரியில் வறண்டது. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களுக்குக் குடிநீர் அளித்துவந்த ஊற்று அது. பனி மெல்ல உருகும்போது நீர் பாறை இடுக்குகளில் இறங்குவதற்கு அவகாசம் கிடைக்கிறது. அவ்வவகாசமே ஊற்றுகளின் உயிர்.

பனி குறைவதற்கு இரு வேறு காரணங்கள் உண்டு. இதனைப் பிரித்தறிவது இன்றியமையாதது. குளிர்காலத்தில் புயற்சின்னங்களே வராமல் போவது ஒன்று. இது யாவருக்கும் புலனாகும் வறட்சி. மற்றொன்று, வழக்கமான அளவு நீர் வானிலிருந்து வந்தும், வெப்பம் மிகுந்திருப்பதால் அது பனியாக விழாமல் மழையாக விழுந்து உடனே ஓடிவிடுவது. மலையில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் உஷ்ணநிலை சராசரி 6.5 டிகிரி குறைகிறது. எனவே குளிர்காலம் 1 டிகிரி வெப்பமானால், மழை பனியாக மாறும் எல்லை ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போய்விடும். அந்த 150 மீட்டருக்குட்பட்ட சரிவுகள் அனைத்தும் ஏரி என்ற நிலையை இழந்து வெறும் கூரையாகிவிடுகின்றன. இவ்வாண்டுகளில் மழைமானி இயல்பைக் காட்டும்; ஆறோ மே மாதத்தில் வற்றும். மழைமானியை மட்டும் நம்பியவருக்குக் காரணம் விளங்காது.

பனியாறு இக்குறையை ஓரளவு மறைக்கிறது. பனிப்படிவு சீக்கிரம் கரைந்த ஆண்டில், போர்வை இழந்த பனியாறு கூடுதலாக உருகி ஆற்றை நடத்துகிறது. அது வட்டியை விட்டு முதலைச் செலவிடுவதாகும். அச்செலவும் ஆண்டின் பிற்பகுதியிலேயே ஆற்றை எட்டுகிறது; விதைப்புக் காலத்துக்கு உதவுவதில்லை.

விதைப்புக் காலத்துத் தட்டுப்பாட்டை மிக நன்கு அறிந்தவர்கள் லடாக் உழவர்கள். லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்வது 10 சென்டிமீட்டர் அளவே. ஏப்ரல், மே மாதங்களில் பார்லியும் கோதுமையும் விதைத்து நீர் பாய்ச்ச வேண்டும். உயரத்திலுள்ள பனியாறுகளோ ஜூனில்தான் உருகத் தொடங்கும். அங்கு ஊரக வளர்ச்சித் துறையில் பொறியாளராகப் பணிபுரிந்த செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் திறந்து விட்ட குழாயிலிருந்து வீணாக ஒழுகிய நீர் மரநிழலில் தேங்கி உறைந்திருந்ததைக் கண்டு ஓர் எண்ணம் கொண்டார் என்பர். நிழல் படியும் பள்ளத்தாக்குகளில், ஊருக்கு அருகே, ஓடைநீரைத் திருப்பி, படிப்படியான கற்கரைகளுக்குப் பின் மெதுவாகத் தேக்கினால், அது அங்கேயே உறைந்துவிடும். இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்ந்த இடத்தில் இருப்பதால், அதற்கு முந்தி, சரியாக விதைப்பு வேளையில் உருகும். 1987 முதல் இவ்வாறு பல செயற்கைப் பனித்தேக்கங்களை அவர் அமைத்தார். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஓடையின் குறுக்கே கல்லை அடுக்கி நீரின் வேகத்தைத் தணிப்பது நம் பக்கத்துப் பழைய கைவேலைதான். அங்கே குளிர் அதைக் கட்டியாக்கித் தருகிறது என்பதே வேறுபாடு.

பனி மிகுந்தாலும் பஞ்சமா?

இவ்வளவும் வடக்கின் கதை. பனியே விழாத தெற்குக்கு இதனோடு என்ன தொடர்பு? இக்கேள்வியை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் கேட்டவர் ஹென்றி பிளான்போர்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் தொல்பாறைகளை ஆராய்ந்த நிலவியலாளரான இவர், 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது அதன் தலைமையை ஏற்றார். சில மாதங்களுக்குள் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் மாண்டவர் தொகை லட்சக்கணக்கில் எண்ணப்பட்டது; புத்தூர் அப்போது அடங்கியிருந்த வட ஆர்க்காட்டு மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை.

1877இன் இளவேனிலில் மேற்கு இமயமலையில் வழக்கத்துக்கு மாறாக, பருவம் கடந்தும் மிகுந்த பனி விழுந்ததைப் பிளான்போர்டு குறித்துவைத்தார். அவ்வாண்டு வடமேற்கில் பருவமழை தவறியது. வேறு ஆண்டுகளையும் ஒப்பிட்டு, இமயத்தில் பனி மிகுந்தால் இந்தியாவில் வறண்ட காற்றும் மழைக் குறைவும் நேரும் என்ற கருத்தை 1884இல் வெளியிட்டார். முதல் அதிகாரபூர்வப் பருவமழை முன்னறிவிப்பு 1886இல் வெளிவந்தபோது அதற்கு அடிப்படையாய் இருந்ததும் மலைமேற் பனியே. அதன் காரணம் எளிது. பனி உருகுவதற்கும் ஈர மண் காய்வதற்கும் சூரிய வெப்பம் செலவாகிவிட்டால் நிலம் சூடேறத் தாமதமாகிறது. நிலம் சூடேறினால்தானே கடற்காற்றை அது வலுவாக இழுக்கும்? 1976இல் ஹான், சுக்லா என்னும் இருவர் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு யூரேசியக் கண்டத்துப் பனிப்பரப்புக்கும் நம் பருவமழைக்கும் இத்தகைய எதிர்த்தொடர்பைக் கண்டனர். 1988இல் நம் வானிலைத் துறை கையாளத் தொடங்கிய 16 காரணி முறையிலும் பனிக்கு இடம் அளிக்கப்பட்டது.

ஆகவே வடக்கே பனி மிகுதி என்பது சட்லெஜ் கரையில் நற்செய்தியாகவும், பருவமழையை எதிர்நோக்கும் நிலங்களில் ஐயத்துக்குரிய செய்தியாகவும் அமையக்கூடும். பிற்காலப் பதிவுகளில் இத்தொடர்பு எல்லாப் பத்தாண்டுகளிலும் ஒரே வலிமையோடு நிற்கவில்லை. பசிபிக் கடலின் வெப்ப மாறுதல் அதனை மேவிவிடுவதும் உண்டு. நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது 1876லேயே. 1877இன் பனி அதற்குக் காரணமாக முடியாது. அன்றியும், சித்தூர், திருப்பதி வட்டாரங்களின் ஆண்டு மழையைத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பிந்தியதன் போக்கை நிர்ணயிப்பது வங்கக் கடல். "இமயத்தில் பனி அதிகம், ஆகவே நமக்கு மழை குறைவு" என்று எவரேனும் சொன்னால், அப்பேச்சைப் பாதியளவே ஏற்க வேண்டும்.

நகரி மலையின் சேமிப்பு

எலும்பு முறிவுக் கட்டுக்காகத் தமிழ்நாடெங்கும் பெயர் தெரிந்த ஊர் புத்தூர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. 2022இல் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. இதன் மலைகள் ஆயிரம் மீட்டரை எட்டாதவை. ஆரணி ஆறு இப்பகுதி மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தையும் சுருட்டப்பள்ளியையும் கடந்து, ஊத்துக்கோட்டை வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. நகரி ஆறு கொசஸ்தலை ஆற்றோடு கலந்து சென்னையின் பூண்டி ஏரிக்கு நீர் தருகிறது. அப்பூண்டிக்கே 1996 முதல் தெலுங்கு கங்கைக் கால்வாயில் கிருஷ்ணா நீரும் வருகிறது. கங்கை அதன் பெயரில் மட்டுமே உண்டு. மகாபலேஸ்வரத்தில் பிறக்கும் கிருஷ்ணாவுக்குப் பனியோடு ஒரு தொடர்பும் இல்லை.

பனி இல்லாவிடில் சேமிப்பே இல்லை என்பதன்று. நாராயணவனத்துக்கு அருகே உள்ள கைலாசகோனை அருவி ஆண்டு முழுவதும் நீர் வற்றாதது எனப் பெயர் பெற்றது. அக்கோனையில் வேனிற்காலத்து நண்பகலில் நின்று நோக்குபவர், மேலே மேகமும் இல்லை, பனியும் இல்லை, நீர் எங்கிருந்து வருகிறது என்று வியப்பது இயல்பு. நகரியின் பெயராலேயே நிலவியலில் வழங்கும் குவார்ட்சைட் பாறை மிகக் கடினமானது. அதன் உடலில் நீர் நுழையாது. ஆயினும் அது முழுவதும் வெடிப்புகளும் இணைவரிகளும் நிறைந்தது. மேலுள்ள காட்டு மண் மழையைத் தாங்கி மெல்ல இறக்க, அவ்வெடிப்புகள் அதை ஏந்திக் கோடை வரை கசியவிடுகின்றன. இமயத்தில் குளிர் செய்யும் வேலையை இங்கே மண்ணும் வெடிப்பும் செய்கின்றன.

மலைக்குக் கீழே அவ்வேலையை மணல் ஏற்கிறது. ஆற்று மணலில் பத்தில் இரண்டு மூன்று பங்கு இடைவெளியே. வெள்ளம் வடிந்தபின் மேலே உலர்ந்து தோன்றும் படுகையின் அடியில் நீர் நின்றுகொண்டிருக்கும். பழைய வட ஆர்க்காட்டு உழவர்கள் அதில் ஊற்றுக்கால் வெட்டிக் கோடையில் வயலுக்குக் கொண்டுபோயினர். மணலை அள்ளி அடிப்பாறை தெரியுமாறு செய்த படுகை, பனி இழந்த மலைச்சரிவுக்கு ஒப்பானது. மழை வழக்கம்போல் பெய்யும். தங்குவதற்கு இடம் இராது. அடுத்தது ஏரி. வரத்துக்கால் தூர்ந்து, தரை மேடிட்ட ஏரியில் கலிங்கல் விரைவில் பாயும். அதைக் கண்டு ஊர் மகிழும். மாசி முடியுமுன் தரை வெடிக்கும்.

2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை அடுத்து, 2019 ஜூனில் பூண்டி உள்ளிட்ட சென்னையின் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. 2021 நவம்பரிலோ திருப்பதியில் சொர்ணமுகி கரை புரண்டது. கொசஸ்தலையின் வெள்ளம் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்களை மூழ்கடித்தது. அந்நீரில் பெரும்பகுதி சில நாட்களில் கடல் சேர்ந்தது. வெப்பம் மிகுந்த குளிர்காலத்தில் இமயச்சரிவில் நேர்வதும் இதுவேயல்லவா? வற்றாதவை என்று நாம் கற்பித்துவந்த வடக்கத்திய ஆறுகள் நம் ஆறுகளின் குணத்தைச் சிறிது சிறிதாகக் கற்றுவருகின்றன. 'வற்றாத ஆறு', 'பருவ ஆறு' என்று இரு பத்தி இட்டு வகுப்பில் நிரப்பச் சொல்லும் ஆசிரியர், அவ்விரண்டுக்கும் இடையே கோடு அழுத்தமாக இடாதிருப்பது நலம். கோடையில் ஆற்றை நடத்துவது எது என்று மூன்றாவது பத்தி ஒன்றைச் சேர்க்கலாம்.

இனி அளவீடு. சர்ச் ஏப்ரல் 1ஆம் நாள் பனியை நிறுத்ததுபோல், நாம் எந்நாளில் எதனை அளப்பது? வடகிழக்குப் பருவம் டிசம்பரோடு முடிகிறது. அதன்பின் ஆடி வரை பெரிய வரவு இல்லை. எனவே தை பிறக்கும்போது கிணற்றில் நிற்கும் நீர்மட்டமே நம் பனிப்படிவின் அளவு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை தன் நோக்குகிணறுகளில் நீர்மட்டம் எடுக்கையில் ஜனவரியையும் ஒரு தவணையாகக் கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் அவ்வாரியத்தின் கிணறுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை. ஊருக்கு ஊர் பாறை மாறும் நம் பகுதியில், பள்ளிக்கு அருகே உள்ள கிணற்றின் கதை அடுத்த ஊர்க் கிணற்றின் கதையாக இராது.

முறை எளிது. இறைப்பு நிகழாத கிணறாகப் பார்த்து, அதன் கைப்பிடிச் சுவரில் வண்ணக்குறி ஒன்று இடுக. எல்லா அளவும் அக்குறியிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். எஃகு நாடாவின் நுனிப்பகுதியில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, நுனி நீரில் சற்று அமிழுமாறு இறக்கி, சுவர்க்குறியில் நாடா காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. மேலே எடுத்ததும், சாக்குப்பூச்சு எதுவரை நனைந்திருக்கிறதோ அந்த எண்ணை முதல் எண்ணிலிருந்து கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைக்கும். முந்திய இரவு மின்னிறைப்பி ஓடியிருந்தால் அன்று அளக்காது மறுநாள் அளப்பது முறை. பள்ளிப் பதிவேட்டில் தேதி, ஆழம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த மழை, அவ்வாண்டு அக்கிணறு வற்றிய அல்லது மிகத் தாழ்ந்த நாள் ஆகிய நான்கே பத்திகள் போதும். ஐந்தாறு ஆண்டு சேர்ந்தபின், தை மாத ஆழத்தைக் கண்டதும் வைகாசியில் நெல் வைக்கலாமா, வேர்க்கடலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்று கேட்டுவரும் உழவருக்கு ஊர்ப்பணியாளர் அப்பதிவேட்டைத் திறந்து விடை சொல்லலாம். முதல் ஆண்டுப் பத்தியை நிரப்புவதற்குப் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் ஏற்றது.